காதல் இல்லாத படம்

டீ ஆறுதுங்க மேடம், குடிங்க. சக்கரை எச்சாப் போட்டுட்டாங்களா? கண்ணு செவந்திருக்குதேன்னு பாக்காதீங்க, எனக்கு எப்பவும் அப்படித்தான். எப்பவும்னா, ஒரு மூணு வாரமா. மேனேஜர் சார் மொதலாளிகிட்டப் போன் பேச மெயின் ஆபீஸுக்குப் போயிருக்காரு. கால் மணி நேரத்துல வந்துருவாரு. "ருக்குமணி, மேடத்துக்குப் படத்தைப் பத்தி வெவரமாச் சொல்லு. புள்ளைங்க படம் பாத்துப் பயந்துக்கிச்சு, வேற ஒண்ணுமில்லேன்னு சொல்லு"ன்னு எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாரு. அதத்தான் சொல்லப் போறேன். படந்தானுங்க காரணம். எல்லாத்துக்கும் அந்தப் பாழாப் போன படந்தான்.

யாரோ உங்க கவர்மெண்ட்டு ஆபீஸுக்குப் போன் பண்ணி, மில்லு ஹாஸ்டல்ல ஒரு புள்ளையப் பூட்டி வெச்சிருக்காங்கன்னு சொன்னாங்களாமா. பூட்டியெல்லாம் வெக்கலீங்க. சிக் ரூம்ல படுக்க வெச்சிருக்கோம், வெளிய தாப்பாப் போட்டிருக்கோம், அவ்வளவுதான். முப்பிடாதின்னு பேரு. தென்காசிப் பக்கம். பத்தொம்பது வயசு. மனசு கலங்கிருச்சுன்னு இன்னைக்கு அஞ்சு மணி வேன்ல ஊருக்குத் தாட்டி விடறோம். அவிய அப்பனுக்கு, உங்க புள்ளைக்குப் புத்தி சரியில்ல, என்ன சொன்னாலும் நம்பாதீங்கன்னு சாரே போன்ல சொல்லிட்டாரு. இப்ப மணி மூணாச்சுங்களா? மூணு இருக்கும்.

அந்தப் பேனாவை மட்டும் சித்த நேரம் கீழ வெச்சிருங்களேன். நீங்க எழுத எழுத எனக்கு நாக்கு ஒட்டிக்குது.

படத்துக்குக் கூட்டிட்டுப் போறது எங்க மில்லுல வழக்கமுங்க. மூணு மாசத்துக்கு ஒருக்கா, ஞாயித்துக்கெழமை. மில்லு பஸ்ஸுலயே போயி அதுலயே வரோணும். எந்தப் படம்னு நாந்தான் பாத்து முடிவு பண்ணுவேன். சார் ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவாரு. லவ் படம் கூடாது. லவ் படம் பாத்தாப் புள்ளைங்க மனசு கெட்டுப் போயிருமாமா. மூணு வருசம் வேலை பாக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தவ நடுவுல எவங்கூடயாச்சும் ஓடிப் போயிட்டா மில்லுக்குத்தானுங்களே கெட்ட பேரு? அதனால சாமி படம், பேய்ப் படம், அண்ணன் தங்கச்சிப் படம், இப்படித்தான். போன தடவ பேய்ப் படம். ஒருத்திகூடப் பயப்படல. பஸ்ஸு பூரா அந்தப் பேயி மாதிரியே பேசிச் சிரிச்சுட்டு வந்தாளுக.

இந்தத் தடவ தேட்டருக்கு நானே போன் போட்டுக் கேட்டனுங்க. "ஏனுங் தம்பி, இப்ப ஓடறதுல லவ்வு இருக்குதுங்களா?"ன்னேன். "துளிகூட இல்லீங்க்கா, பொம்பளைங்க படம்"ன்னான். "டூயட்டு?" "பாட்டே இல்லீங்க்கா." அப்படின்னா முப்பத்தொம்பது டிக்கெட் எடுத்து வையின்னுட்டேன். ஒரு வார்டன் இதுக்கு மேல என்னத்தக் கேப்பா, நீங்களே சொல்லுங்க. லவ்வு இல்லாம வேற என்ன இருக்குதுன்னு கேக்க எனக்குத் தோணல மேடம்.

முப்பத்தெட்டுப் புள்ளைங்க, ரெண்டு வரிசை. நான் ஓரத்து சீட்டு. எந்திரிச்சு வெளிய போறவளுகளை எண்ணோணுமில்லீங்களா, அதுக்கு. படம் ஆரம்பிச்சதும் எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. அப்பா அம்மா செத்துப் போன ஒரு புள்ளையப் பெரியப்பன் தன் வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றான். பெரிய வீடு. மாடியில அவன் ரூமு. கீழ சமையக்காரி ஒருத்தி. நானுங்கூட, பரவால்ல, குடும்பப் படமாட்டந்தான் இருக்குதுன்னு சாஞ்சு உக்காந்துட்டேன்.

அப்பறம் பாத்தா அந்தப் புள்ளைய மாடிக்கு வரச் சொல்றான். என்ன பண்றான்னெல்லாம் காட்டமாட்டானுங்க. கதவைத்தான் காட்டுவான். மூடின கதவு. ஒரு கதவை எத்தனை நேரமுங்க காட்டுவான் ஒரு மனுசன்? காட்டிட்டே இருக்கறான். பின்னால வரிசையில ஆம்பளைங்க நாலஞ்சு பேரு சிரிச்சானுக. ஒருத்தன் விசிலடிச்சான். எனக்கு முன்னால குழந்தையோட வந்திருந்த ஒரு பொம்பள, குழந்தை கண்ணைப் பொத்தி, அப்பறம் தன்ற கண்ணையும் பொத்திக்கிச்சு. எங்க புள்ளைங்க மட்டும் அசையவே இல்ல. பக்கத்துல இருந்தவ கையைத் தொட்டுப் பாத்தேன், ஐஸாட்டம் இருந்துச்சு. ஏசிக்கு அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

இண்டர்வெல்லுல எல்லாத்துக்கும் ஒரு பப்ஸு, ஒரு கலரு வாங்கிக் குடுத்தேன். எப்பவும் அதுக்கு அடிச்சுக்குவாளுக. அன்னைக்கு வாங்கி மடியில வெச்சதுதான். ஒருத்தியும் வாயில வெக்கல. "என்னங்கடி, தின்னுங்க"ன்னா, "சரிங்க்கா"ங்கறாளுக. வெளிய போனவ ஒருத்தியுமில்ல. எண்ண வேண்டிய வேலையே இல்ல எனக்கு.

நான் எங்க விட்டேன்? இப்ப ஏதோ கார் சத்தம் கேட்டுதுங்களே. சித்த இருங்க, சன்னல்ல பாத்துட்டு வந்தர்றேன்.

இல்ல. லோடு லாரி.

இண்டர்வெல்லு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல அந்தச் சமையக்காரி வர்றாளுங்க. கையில பால் டம்ளரு. அந்தப் புள்ளையக் கூப்புட்டு, "போயி ஐயாவுக்குக் குடுத்துட்டு வா கண்ணு"ங்கறா. நல்ல பொம்பளைதானுங்க, நெத்தியில திருநீறு, கண்ணுங்கறா, தலைய வேற தடவி விடறா. அந்தப் புள்ள டம்ளரை வாங்கிட்டுப் படியேறுது. ஒவ்வொரு படியா ஏறுது. கதவுகிட்டப் போயி நிக்குது. தள்றதுக்குக் கையைத் தூக்குது.

அப்பத்தான் எங்க வரிசையில ஒரு சத்தம். "ஏட்டி, போகாதட்டி!"

முப்பிடாதி. எந்திரிச்சு நின்னுட்டா. தேட்டரே திரும்பிப் பாக்குது. பின்னால இருந்தவன், "ஏய், உக்காருடி, மறைக்குது"ன்னான். அவ உக்காரல. அவ பக்கத்துல இருந்தவளும் எந்திரிச்சு, "போகாத"ன்னா. அப்பறம் அந்தப் பக்கத்துல ஒருத்தி. அப்பறம் ரெண்டு வரிசையும். போகாத, போகாத, போகாதன்னு முப்பத்தெட்டு பேரு. தெரையில இருக்கற புள்ளைக்குக் காது கேக்குமாங்க? அது உள்ள போயிருச்சு. கதவு மூடிருச்சு.

மூடினதும் சமையக்கட்டைக் காட்றான். அந்தப் பொம்பள வெங்காயம் உரிச்சுட்டு உக்காந்திருக்கறா. சும்மா உரிச்சுட்டு இருக்கறா, அவ்வளவுதான். எதுவுமே தெரியாத மாதிரி.

அப்ப எங்க புள்ளைங்க ரெண்டு வரிசையும் திரும்பி என்னையப் பாத்துச்சுங்க மேடம்.

அந்த இருட்டுல முப்பத்தெட்டு மூஞ்சி. நான் பேய்ப் படத்துக்கே பயப்படாதவ. அன்னைக்கு சீட்டோட சீட்டா ஒட்டிக்கிட்டேன். என்னைய எதுக்குங்க பாக்கோணும்? நான் என்ன பண்ணினேன்? படத்தைப் பாருங்கடின்னேன். ஒருத்தியும் திரும்பல.

என்ன மேடம் கேட்டீங்க? கேரியரா? அத யாரு சொன்னது உங்களுக்கு?

அது ஒண்ணுமில்லீங்க. எங்க மில்லு மாஸ்டர் ஐயா, நூல் பிரிவு பூராவும் அவருதான் பாத்துக்கறாரு, பொண்டாட்டி புள்ளைங்க கோயமுத்தூருல. அவரு பஞ்சு குடோனுக்குப் பொறத்தால குவார்ட்டர்ஸுல தனியா இருக்கறாரு. வாரநாள்ல கேண்டீன்ல சாப்பிட்டுக்குவாரு. ஞாயித்துக்கெழமை கேண்டீன் லீவு. அதனால எங்க மெஸ்ஸுல இருந்து மத்தியானச் சோறு போகும், கேரியர்ல. ஒரு புள்ள கொண்டு போயிக் குடுத்துட்டு வரும். நாலு வருசமா நடக்கற வழக்கமுங்க இது. நான் புதுசா ஆரம்பிச்சதில்ல. சாரு சொன்னாரு, நான் அனுப்பினேன்.

யாரை அனுப்பறதுன்னு நாந்தான் பாத்து எடுப்பேன். அதுலயும் ரோசனை பண்ணித்தான் பண்ணுவேனுங்க. வாயாடிங்களை அனுப்பினா வழியில நின்னு எவனோடயாச்சும் பேசிட்டு நிப்பாளுக. அதனால அமைதியான புள்ள, எதுத்துப் பேசாத புள்ள, சொன்னதக் கேக்கற புள்ளையாப் பாத்து அனுப்புவேன். நல்ல புள்ளைங்களாப் பாத்துத்தானுங்க அனுப்பினேன்! கொஞ்சம் லேட்டாத்தான் திரும்பி வருவாளுக. வந்து சோறு வேண்டாம்பாளுக. ஏன்டின்னா, "வவுத்து வலிக்கா"ம்பாளுக. பொம்பளப் புள்ளைக்கு வவுத்து வலி வராதுங்களா? கசாயம் வெச்சுக் குடுப்பேன். ரெண்டு பேரு வருசம் முடியறதுக்கு முன்னாலயே ஊருக்குப் போயிட்டாளுக, வீட்டு நெனப்புன்னு. எனக்கு வேற என்ன தெரியும்?

முப்பிடாதியவும் அனுப்பியிருக்கேன். மூணு தடவ.

எழுதாதீங்கன்னு சொன்னேன்லீங்க மேடம். தயவு பண்ணி எழுதாதீங்க.

படம் விட்டு பஸ்ஸுல ஏறினோம். எண்ணினேன், முப்பத்தெட்டும் சரியா இருந்துச்சு. ஒரு பாட்டு இல்ல, ஒரு சண்டை இல்ல, சன்னல் சீட்டுக்கு ஓரியாட்டமில்ல. டிரைவரு, "என்னக்கா, எழவுக்காட்டம் போயிட்டு வர்றீங்க"ன்னாரு. அன்னையிலிருந்து அப்படித்தான். நான் ஹாலுக்குள்ள நொழைஞ்சாப் பேச்சு நின்னு போயிரும். "என்னடி பேசிட்டிருந்தீங்க?" "ஒண்ணுமில்லீங்க்கா." கட்டிலை எல்லாம் இழுத்து ஒண்ணோட ஒண்ணா ஒட்டிப் போட்டுக்கிட்டாளுக. ஒருத்தியும் என்னைய எதுத்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. திட்டியிருந்தாலும் பரவால்லீங்க. அந்த 'சரிங்க்கா' இருக்குதே, அதக் கேட்டா நான் ஹாலை விட்டு வெளிய வந்துருவேன். எம்பது கிலோ நூல் மூட்டையைத் தள்ளிட்டுப் போற புள்ளைங்க. எல்லாம் சேந்து ஒரு நாள் என்ற மேல விழுந்தா என்ன ஆவேன்னு பயமாப் போச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழமை கேரியர் கட்டி வெச்சுட்டு ஒரு புள்ளையக் கூப்பிட்டேன். "நான் போகலீங்க்கா"ன்னா. சரின்னு இன்னொருத்தியக் கூப்பிட்டேன். "நானும் போகலீங்க்கா." மூணாவது ஆளு முப்பிடாதி. "எக்கா, இனி யாரும் கொண்டு போவமாட்டோம். அவருக்கு வேணும்னா அவரே வந்து திங்கட்டும்"ன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. படம் பாத்துத் திமிரு ஏறிப் போச்சாடின்னு கத்தினேன். மெஸ்ஸுல அத்தனை பேரும் தட்டுல கையை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தாளுக. ஒரு மணி ஆயிருச்சு. மாஸ்டர் ஐயா பசியோட இருப்பாரு, சாருக்குப் போன் போட்டா நாந்தான் பேச்சு வாங்கோணும். போங்கடி நானே போறேன்னு கேரியரைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

நாலு வருசத்துல அன்னைக்குத்தானுங்க நான் மொதல்ல அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் போனது.

குடோன் தாண்டினா ஆளு நடமாட்டமே இல்லீங்க. மிஷின் சத்தத்துல கூப்பிட்டாக்கூடக் கேக்காது. கதவு ஒருக்களிச்சிருந்துச்சு. நான் குரல் குடுக்கல. செருப்பைக் கழட்டினேன், அந்தச் சத்தம் கேட்டிருக்கோணும். உள்ளயிருந்து அவரு, திரும்பிக்கூடப் பாக்காம, "வந்துட்டியா? உள்ள வந்து கதவைச் சாத்து. லேட்டாச்சுன்னா வார்டன்கிட்ட வவுத்து வலின்னு சொல்லிக்கலாம்"ன்னாரு.

நிதானமாத்தான் சொன்னாருங்க. தெனம் சொல்றத சொல்ற மாதிரி.

நான் அம்பத்திரண்டு வயசுப் பொம்பள மேடம். புருசன் விட்டுட்டுப் போயிப் பதினெட்டு வருசமாத் தனியா இருக்கறவ. எனக்கு யாரு என்ன பண்ணிருவாங்க? ஆனா ஓடினேன். கேரியரை எங்க போட்டேன்னு தெரியல, சீலையெல்லாம் சாம்பாரு, செருப்பையும் விட்டுட்டு வெயில்ல வெறுங்காலோட ஓடினேன். இந்த ரூமுக்கு வந்து தாப்பாப் போட்டு, டிரங்குப் பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுத்துட்டு உக்காந்தேன். எத்தனை கசாயம் வெச்சுக் குடுத்திருக்கேன் மேடம். ஒவ்வொரு மூஞ்சியா வருது. மாடத்தி, ஜெபக்கனி, அந்த விழுப்புரத்துப் புள்ள பேரு மறந்து போச்சு... பேரு மறந்து போச்சே, சாமி!

சொல்லியிருக்கோணும்னுதானே பாக்கறீங்க? யாருகிட்டச் சொல்றது? சாருகிட்டயா? மாஸ்டர் இல்லாம ஒரு நாள் மில்லு ஓடாதும்பாரு. என்னைய மறுநாளே வெளிய அனுப்பிருவாரு. இந்த ரூமை விட்டா எனக்குப் போக்கிடம் இல்லீங்க. அண்ணன் வீட்டுல வாசப்படி ஏற விடமாட்டாங்க. அதனால நான் கம்முனு இருந்துட்டேன். அடுத்த ஞாயித்துக்கெழமை தலைவலின்னு படுத்துட்டேன். கேரியரே போகல.

மாஸ்டர் சாருகிட்டப் போயிச் சொல்லிட்டாரு போல. புதன்கெழமை காலையில சார் எல்லாத்தையும் வரிசையா நிக்க வெச்சு, "ஏன் சோறு கொண்டு போகமாட்டேங்கறீங்க?"ன்னு கேட்டாரு. அப்பறம் முப்பிடாதி வரிசையை விட்டு வெளிய வந்தா. அழுகல, கத்தல. "சார், அந்தப் படத்துல அந்தப் பிள்ளைக்கு நடந்துச்சுல்லா, அது எனக்கு இங்ஙன நடந்துச்சு. மூணு தடவ"ன்னா. அத்தனை பேரு முன்னாடி. சார் மொகம் செவந்து போச்சு. சட்டுன்னு என் பக்கம் திரும்பி, "ருக்குமணி, உனக்கு எதாச்சும் தெரியுமா?"ன்னாரு.

இப்ப நான் சொல்றத மட்டும் நல்லாக் கேட்டுக்கோங்க மேடம். படம் பாத்துப் பயந்துட்டா, வேற ஒண்ணுமில்லேன்னு சாரு சொல்றாருல்லீங்க, அந்த வார்த்தை சாரோடதில்ல. நான் எடுத்துக் குடுத்தது. "தெரியாதுங்க சார், படம் பாத்துப் பயந்துட்டா சார்"ன்னேன். என்ற வாயிதான் சொல்லுச்சு. சாரு அதக் கப்புன்னு புடிச்சுக்கிட்டாரு. புத்தி பேதலிச்சிருச்சுன்னு அங்கயே முடிவு பண்ணி, அவ போனைப் புடுங்கி, சிக் ரூம்ல போடச் சொல்லிட்டாரு. கூட்டிட்டுப் போயித் தாப்பாப் போட்டதும் நாந்தான். அந்தப் புள்ள என் கையைத் தட்டி விடலீங்க. கூடவே வந்துச்சு. உள்ள போறப்ப மட்டும் ஒரு தடவ திரும்பி என்னையப் பாத்துச்சு, தேட்டர்ல பாத்தாப்பலயே.

இன்னைக்குக் காலையில ஒரு கடுதாசி டைப் அடிச்சுக் குடுத்தாரு. ஹாஸ்டல்ல எந்தப் புகாரும் இல்ல, புள்ளைக்கு மனநிலை சரியில்லேன்னு. கையெழுத்துப் போட்டுட்டேன். சாரு மேசையிலதான் இருக்குது, வந்ததும் உங்ககிட்டக் காட்டுவாரு. அதுல இருக்கறது என் கையெழுத்துதான். ஆனா சத்தியமா அது பொய்யி.

சாரு முன்னால வெச்சு நீங்க கேட்டீங்கன்னா, நான் இல்லேன்னுதான் சொல்லுவேன் மேடம். சொல்லியே தீருவேன். என்னைய எனக்குத் தெரியும், அவரு மொகத்தைப் பாத்தா எனக்குப் பொய்யைத் தவிர ஒண்ணும் வராது. சாமி மேல அடிச்சுக்கூடச் சொல்லுவேன். அப்ப நீங்க என்னைய நம்பிராதீங்க. இப்ப சொன்னதத்தான் நம்போணும்.

எந்திரிக்காதீங்க. சிக் ரூமுக்குப் போயி ஒண்ணும் ஆகப் போறதில்ல. உக்காருங்க, சத்தமில்லாமக் கேளுங்க. அந்தப் புள்ள அங்க இல்லீங்க.

உங்க டிரைவர் மெஸ்ஸுல சாப்பிட உக்காந்தாருல்ல, அப்பவே கூட்டியாந்து உங்க ஜீப்புல ஏத்தி விட்டுட்டேன். பின் சீட்டுக்குக் கீழ படுத்திருக்குது. மேல என்ற போர்வையைப் போத்திக் காயிதக் கட்டை அடுக்கி வெச்சிருக்கேன். கேட்டுல எங்க பஸ்ஸைத்தான் எட்டிப் பாப்பாங்க, கவர்மெண்ட்டு வண்டியை நிறுத்தமாட்டாங்க. எங்கயும் நிக்காம நேராக் கூட்டிட்டுப் போயிருங்க. அவளைக் கேளுங்க. எல்லாத்தையும் சொல்லுவா. எப்ப எப்ப அனுப்பினேன், யார் யாரை அனுப்பினேன்னு என்னையப் பத்தியும் சொல்லுவா. சொல்லட்டும் மேடம். ஒண்ணு விடாம எழுதிக்கோங்க.

கதவைத் தட்டறாங்க. மொகத்தைத் தொடைச்சுக்கோங்க, டீயைக் கையில எடுத்துக்கோங்க.

வாங்க சார். எல்லாம் வெவரமாச் சொல்லிட்டனுங்க சார், மேடம் கெளம்பறேங்கறாங்க. முப்பிடாதிங்களா? சிக் ரூம்லதானுங்க படுத்திருக்கறா. இப்பப் போயி எழுப்பாதீங்க சார், இப்பத்தான் கண்ணசந்தா.